மும்பையில் நடந்து போக 2டி மேப் எப்போது, 3டி மேப் எப்போது

ஊரிலிருந்து புதிதாக மும்பை வந்து, தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கி வேலை தேடுகிற பிள்ளைகள் அதிகமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, போன் மேப்புல நான் நிக்கிற இடத்தைக் காட்டுற நீலப் புள்ளி அந்த ஆபீஸ் மேலேயே நிக்குது, ஆனா ஆபீஸைக் காணோமே?" பெரும்பாலும் இதற்கு இரண்டே காரணங்கள்தான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டியவர் இந்தப் பக்கம் நிற்கிறார். இல்லையென்றால் அவர் மேலே ஸ்கைவாக்கில், அதாவது ரோட்டுக்கு மேலே உயரத்தில் போகிற நடைபாதையில் நிற்கிறார், ஆபீஸ் வாசல் கீழே ரோட்டில் இருக்கிறது.

எந்தப் பக்கம், எந்த மட்டம். இந்த ஊரில் நடந்து போகிறவருக்கு இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். எந்தப் பக்கம் என்பதைத் தட்டையான 2டி மேப் சொல்கிற மாதிரி வேறு எதுவும் தெளிவாகச் சொல்லாது. எந்த மட்டம், எந்த வாசல், எந்தக் கட்டடம் என்று பார்க்க 3டி வேண்டும். அதனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதையே கட்டிக்கொண்டு அலைய வேண்டாம். வழியை 2டியில் முடிவு செய்யுங்கள், நடக்கும்போதும் அதையே வைத்திருங்கள், நின்று யோசிக்க வேண்டிய சில இடங்களில் மட்டும் 3டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். அந்த இடங்கள் எவை, அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

3டி என்றால் எந்த 3டி?

ஒரே பெயரில் மூன்று சமாச்சாரங்கள் இருக்கின்றன, அவற்றைப் பிரித்துக்கொள்ளாமல் பேசினால் குழப்பம்தான் வரும்.

முதலாவது, சாய்த்த காட்சி. திரையில் இரண்டு விரல்களை வைத்து மேல்நோக்கி இழுத்தால் மேப் சாய்ந்து, கட்டடங்கள் சாம்பல் நிறப் பெட்டிகளாக எழுந்து நிற்கும். தரையில் கட்டடம் பிடித்திருக்கிற வடிவத்தை எடுத்து அதன் உயரத்துக்குத் தூக்கி வரைந்த பெட்டிகள் அவை. போர்டு, வாசல், பெயின்ட் நிறம் எதுவும் இருக்காது. இரண்டாவது, தெருவில் நின்று பார்க்கிற மாதிரி எடுத்த சுற்றுப் புகைப்படம். கூகுளின் ஸ்ட்ரீட் வியூ 2022 ஜூலையில் ஜெனசிஸ் இன்டர்நேஷனல், டெக் மகிந்திரா நிறுவனங்களோடு சேர்ந்து இந்தியாவில் 10 நகரங்களில் தொடங்கியது, அதில் மும்பையும் உண்டு. அதே சமயத்தில் மேப்மைஇந்தியாவும் தன் மேப்பிள்ஸ் செயலியில் ரியல்வியூ என்ற பெயரில் இதே மாதிரி வசதியைக் கொண்டுவந்தது. மூன்றாவது, கேமராவைத் தூக்கிப் பிடித்தால் தெருவின் மேலேயே அம்புக்குறி போட்டுக் காட்டுகிற லைவ் வியூ. இதை இந்தியாவில் 3,000க்கும் மேற்பட்ட ஊர்களுக்குக் கொண்டுவருவதாக 2023 டிசம்பரில் கூகுள் அறிவித்தது.

நடந்து போகிறவருக்கு இந்த மூன்றில் அதிகம் உதவுவது இரண்டாவதான புகைப்படம்தான், அடுத்தது கேமரா அம்பு. பலரும் 3டி என்றதும் நினைக்கிற அந்தப் பெட்டிக் கட்டடக் காட்சிக்குக் கடைசி இடம்தான் கொடுப்பேன். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நடக்கிறவருக்கு அதில் இரண்டு தொந்தரவுகள் உண்டு. ஒன்று, முன்னால் இருக்கிற கட்டடத்தால் பின்னால் இருக்கிற சந்து மறைந்துவிடும், நமக்கு வேண்டியதோ பெரும்பாலும் அந்தச் சந்துதான். இன்னொன்று, தூரம் சுருங்கிவிடும். நேர்மேலிருந்து பார்ப்பதற்குப் பதில் 60 டிகிரி சாய்த்துப் பார்த்தால், நமக்கு முன்னால் நீளுகிற தெருவின் நீளம் திரையில் பாதியாகிவிடும், தூரத்தில் இருக்கிற பகுதி இன்னும் சிறிதாகத் தெரியும். ஆனால் குறுக்கே போகிற தெருக்கள் அவ்வளவு சுருங்காது. ஆக ஒரே திரையில் இரண்டு அளவுகோல். அதைப் பார்த்துவிட்டு "பக்கத்துலதான் இருக்கு, நடந்துடலாம்" என்று மே மாத மத்தியானத்தில் கிளம்பாதீர்கள்.

ஆபீஸ் கட்டடங்கள் நிறைந்த பிகேசியிலும் (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) லோயர் பரேலிலும் மட்டும் இந்தப் பெட்டிக் காட்சிக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அங்கே ஒவ்வொரு கட்டடமும் ஒவ்வொரு உயரம், ஒவ்வொரு வடிவம், அதனால் நிமிர்ந்து பார்த்தால் திரையில் இருக்கிற பெட்டியையும் எதிரில் நிற்கிற கட்டடத்தையும் பொருத்திவிடலாம். மாட்டுங்காவிலும் தாதரிலும் பழைய மூன்று மாடி, நாலு மாடி வீடுகள் வரிசையாக ஒரே உயரத்தில் நிற்பதால் எல்லாப் பெட்டியும் ஒரே பெட்டியாகத்தான் தெரியும்.

கிளம்புவதற்கு முன்னால்: 2டி, வடக்கு மேலே

வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது மேப்பைத் தட்டையாக வைத்து, வடக்கை மேலே வைத்துக்கொள்ளுங்கள். மூலையில் இருக்கிற திசைகாட்டிக் குறியைத் தொட்டால் அது தானே நேராகிவிடும். முதலில் போக வேண்டிய இடத்தைத் தேடாதீர்கள், ரயில் பாதையைத் தேடுங்கள். ஒரு நகரத்தை மனதில் பதியவைப்பவை பாதைகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளங்கள் என்று கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்க நகரத் திட்டமிடல் பேராசிரியர் 1960இல் எழுதினார். மும்பையில் அந்த விளிம்பு வேலையைத் தண்டவாளம் செய்கிறது. ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிற வெஸ்டர்ன் லைன், சென்ட்ரல் லைன், அவற்றோடு ஹார்பர் லைன், இவைதான் ஊரையே ஈஸ்ட் என்றும் வெஸ்ட் என்றும் வெட்டிவைத்திருக்கின்றன. இங்கே முகவரியில் தெருப் பெயர் இல்லாமல்கூட இருக்கும், ஈஸ்ட்டா வெஸ்ட்டா என்பது இல்லாமல் இருக்காது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. ஈஸ்ட், வெஸ்ட் என்பது எந்தப் பாதையை வைத்துச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். தாராவி, வெஸ்டர்ன் லைனுக்கும் சென்ட்ரல் லைனுக்கும் நடுவில் இருக்கிறது. மாகிம் ஸ்டேஷனில் இறங்கினால் ஈஸ்ட்டில் வெளியே வர வேண்டும், சயான் ஸ்டேஷனில் இறங்கினால் வெஸ்ட்டில் வர வேண்டும். ஒரே வீட்டுக்கு ஒருவர் ஈஸ்ட் என்பார், இன்னொருவர் வெஸ்ட் என்பார், இரண்டு பேர் சொல்வதும் சரிதான். 2டி மேப்பை ஒரு தடவை பெரிதாக்காமல் முழுசாகப் பார்த்தவருக்கு இது உடனே புரியும். தெருப் புகைப்படங்களை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இது புரியாது, ஏனென்றால் ஒரு தெருவுக்குள் நிற்கிறவருக்குப் பக்கத்துத் தெருவே தெரியாது.

மாட்டுங்கா இன்னும் நல்ல உதாரணம். சென்ட்ரலில் மாட்டுங்கா, வெஸ்டர்னில் மாட்டுங்கா ரோடு, ஹார்பரில் கிங்ஸ் சர்க்கிள் என்று மூன்று ஸ்டேஷன்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. மாட்டுங்கா ரோட்டிலிருந்து கிங்ஸ் சர்க்கிள் பக்கம் டிபன் சாப்பிடவோ கோயிலுக்கோ போகிறவர் மேப்பில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தால் நேர் தூரம் கொஞ்சம்தான், ஆனால் நடுவில் தண்டவாளங்கள் கிடக்கின்றன, அவற்றைத் தாண்டப் பாலம் வேண்டும். ஜனங்கள் இசட் பிரிட்ஜ் என்று சொல்கிற நடைபாலம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் உண்மையான தூரம் தெரியும். ஆகவே வீட்டில் நீங்கள் 2டியில் குறித்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: எந்த லைன், எந்த ஸ்டேஷன், எந்தப் பக்கம், தண்டவாளத்தையோ பெரிய ரோட்டையோ எந்தப் பாலத்தில் தாண்டுவது, அதற்கப்புறம் வருகிற முதல் பெரிய ரோடு எது. அதற்கு மேல் ஒவ்வொரு திருப்பத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

அடுத்து ஒரே ஒரு இடத்துக்கு 3டியைத் திறங்கள்: போய்ச் சேர வேண்டிய வாசல். மேப்பில் அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு குறி விழும், தெருப் புகைப்படம் இருந்தால் ஒரு சின்னப் படம் தெரியும், அதைத் தொடுங்கள். எதிரில் என்ன இருக்கிறது, பக்கத்தில் என்ன கடை, வாசல் மெயின் ரோட்டிலா சந்துக்குள்ளா என்று பாருங்கள். படம் எடுத்த மாதமும் வருடமும் அதிலேயே போட்டிருக்கும், அதையும் பாருங்கள். கடை போர்டு மாறியிருக்கலாம், அதனால் கடையை நம்பாமல் அரசமரம், மசூதி, கோயில், பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம் மாதிரி சீக்கிரம் மாறாத ஒன்றை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில்

இங்கேதான் பெரும்பாலோர் திணறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாதரை எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்டர்ன், சென்ட்ரல் இரண்டும் சந்திக்கிற இடம். முன்பு இரண்டு பக்கமும் தனித்தனியாக 1, 2, 3 என்று பிளாட்பாரம் எண்கள் இருந்தன. 2023 டிசம்பரில் அதை மாற்றி, வெஸ்டர்னுக்கு 1 முதல் 7 வரை, சென்ட்ரலுக்கு 8 முதல் 14 வரை என்று தொடர்ச்சியாக்கினார்கள். பிளாட்பாரங்களுக்கு மேலே ஒன்றுக்கு மேற்பட்ட நடைபாலங்கள் குறுக்கே போகின்றன, கொஞ்சம் தள்ளி வாகனங்கள் போகிற திலக் பாலம். 2டி மேப்பில் இவையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கோடுகளாகக் கிடக்கும். நீலப் புள்ளி பாலத்தில் நிற்கிறதா, கீழே பிளாட்பாரத்தில் நிற்கிறதா என்று அந்தக் கோடுகளால் சொல்ல முடியாது. சரி, சாய்த்த 3டி காட்சி சொல்லுமா என்றால் அதுவும் பெரும்பாலும் சொல்லாது, பெட்டிகளாக எழுந்து நிற்பது கட்டடங்கள்தான், நடைபாலத்தை அதில் தேடினாலும் கிடைக்காது.

அப்படியானால் எது உதவும்? ஓபன்ஸ்ட்ரீட்மேப் தகவலை வைத்து ஓடுகிற ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் மாதிரி செயலிகளைப் போனில் போட்டு வையுங்கள். தன்னார்வலர்கள் நடந்து பார்த்துக் குறித்தது என்பதால் படிக்கட்டு, நடைபாலம், சந்து வழி எல்லாம் தனித்தனிக் கோடுகளாக இருக்கும். எந்தப் பாலம் எந்தப் பிளாட்பாரத்துக்கு இறங்குகிறது என்பதைத் தட்டையான மேப்பிலேயே படித்துவிடலாம். எல்லா ஸ்டேஷனும் ஒரே அளவு விவரமாக இருக்காது, ஆனால் பெரிய ஸ்டேஷன்கள் நன்றாகவே குறிக்கப்பட்டிருக்கும். அதை முன்கூட்டியே பார்த்து, "வடக்குக் கடைசிப் பாலம், வெஸ்ட் பக்கம் இறங்கணும்" என்று ஒரே வரியில் மனதில் வைத்துக்கொண்டால் போதும். லோக்கல் ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினால் அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கலாம் என்பது தினமும் போகிறவர்களுக்கு அத்துப்படி, பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஸ்டேஷனுக்குள் நிற்கும்போது போனின் திசை அம்பை நம்ப வேண்டாம். போனுக்குள் இருக்கிற திசைகாட்டி காந்தப் புலத்தை வைத்துத்தான் திசையைச் சொல்கிறது, நம் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் இரும்பு. நீலப் புள்ளிக்கு முன்னால் விரிகிற ஒளிக்கற்றை அகலமாக இருந்தால் போனுக்கே திசை உறுதியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். படியிறங்கி வெளியே வந்து, கூரை இல்லாத இடத்தில் ஒரு ஓரமாக நின்று, போனைக் கையில் வைத்து எட்டு எழுதுகிற மாதிரி சுழற்றுங்கள். அப்புறம் ஒரே திசையில் கொஞ்ச தூரம் நடந்து புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். திசையை உறுதி செய்ய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

திசை தெரிந்ததும், இருப்பிடக் குறியை இன்னொரு தடவை தொட்டால், நாம் பார்க்கிற திசை மேலே வருகிற மாதிரி மேப் சுழலும். வீட்டில் வடக்கு மேலே, தெருவில் நமக்கு முன்னால் இருப்பது மேலே. இந்த ஒரு மாற்றத்தாலேயே பாதிக் குழப்பம் தீரும். 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்று சுவரில் மாட்டுகிற பலகைகளைப் பற்றி மார்வின் லெவின் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1980களில் ஆராய்ந்தபோது இதைத்தான் கண்டார்கள். பலகையின் மேல்பக்கமும் பார்ப்பவருக்கு முன்னால் இருக்கிற திசையும் ஒன்றாக இல்லாவிட்டால் ஆட்கள் தவறான பக்கம் நடக்கிறார்கள். லண்டனில் 2007இல் சோதனையாகத் தொடங்கிய நடைவழிப் பலகைகள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன. அடியில் இருக்கிற மேப் தட்டையாக, நாம் நிற்கிற திசைக்கு ஏற்ப இருக்கும், முக்கியமான சில கட்டடங்கள் மட்டும் அதன் மேல் 3டி ஓவியமாக நிற்கும். தாதரிலும் அந்தேரியிலும் குர்லாவிலும் ஸ்டேஷன் வாசலுக்கு வாசல் அப்படி ஒரு பலகை வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஸ்கைவாக்கும் மேம்பாலமும்

2008இல் பாந்த்ரா ஈஸ்ட்டில் முதல் ஸ்கைவாக் வந்தது, அதற்கப்புறம் பல ஸ்டேஷன்களில் வந்தன. கீழே ஆட்டோ நெரிசல், மேலே நடக்கிறவர்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஏறிவிட்டால் நம் இஷ்டத்துக்கு இறங்க முடியாது, படி இருக்கிற இடத்தில்தான் இறங்க முடியும். 2டி மேப் "இடது பக்கம் திரும்பவும்" என்று சொல்லும்போது நாம் மேலே நின்று இடது பக்கத் தெருவைக் கைப்பிடிக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தட்டையான படத்தில் ஒட்டியிருப்பது நேரில் ஒட்டியிருக்காது என்பதற்கு மும்பைக்காரர்கள் மறக்காத சாட்சி அந்தேரியில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் கோகலே பாலத்தின் புதிய பகுதியைத் திறந்தபோது, பக்கத்தில் இருக்கிற பர்ஃபிவாலா மேம்பாலத்தோடு அது சேரவில்லை, இரண்டுக்கும் ஒரு மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம் இருந்தது. மேலிருந்து பார்க்கிற படத்தில் இரண்டும் ஒரே கோட்டில்தான் இருந்தன. சில மாதங்கள் கழித்து பர்ஃபிவாலாவின் முனையைத் தூக்கி இணைத்தார்கள்.

ஸ்கைவாக் வருகிற வழியில் இப்படிச் செய்யுங்கள். வீட்டிலேயே, ஸ்கைவாக்குக்குக் கீழே போகிற ரோட்டின் தெருப் புகைப்படத்தைத் திறந்து, போக வேண்டிய கட்டடத்தில் தொடங்கி ஸ்டேஷனை நோக்கிப் பின்னாலேயே வாருங்கள். முதலில் வருகிற படிக்கட்டுதான் நீங்கள் இறங்க வேண்டிய படிக்கட்டு. அதற்கு எதிரில் என்ன இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே நடக்கும்போது மேப்பையே மூடிவிடலாம், அந்த அடையாளம் கண்ணில் படுகிறதா என்று பார்த்தால் போதும். ஜிபிஎஸ் உயரத்தைச் சொல்வதில் தரை இருப்பிடத்தைச் சொல்வதைவிட மோசம், அதனால் போன் தானாக "மேலே இருக்கிறாய்" என்று சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம்.

மாட்டுங்காவில் அம்பேத்கர் ரோடு மேம்பாலத்துக்கு அடியில் நானாலால் மேத்தா பூங்கா என்று ஒன்று நீளமாகப் போகிறது, நடக்க அருமையான இடம். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் பாலம்தான் தெரியும், பூங்கா தெரியாது. இப்படி ஒன்றுக்கு அடியில் ஒன்று இருக்கிற இடங்களுக்குத் தெருமட்டப் புகைப்படம்தான் ஒரே வழி.

தரைக்கு அடியில் கதை வேறு. சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ஸ்டேஷன் எதிரில் இருக்கிற சப்வேயிலும், 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரை முழுதாகத் திறந்த மெட்ரோ 3 வழித்தடத்திலும் (27 நிலையங்களில் 26 தரைக்கு அடியில்) ஜிபிஎஸ் கிடைக்காது. அங்கே 2டியும் வேண்டாம் 3டியும் வேண்டாம், வெளிவாசல் எண்தான் மேப். எந்த வாசல் எந்த ரோட்டில் திறக்கிறது என்று ஏறுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், கீழே போர்டைப் பார்த்து நடங்கள், மேலே வந்ததும் நின்று திசை சரிபாருங்கள்.

கேமரா அம்பு எங்கே கைகொடுக்கும்

ஐந்து ரோடு சேருகிற நாக்காவில், சப்வேயிலிருந்து மேலே வந்த நிமிடத்தில், மெட்ரோ வாசலில். இந்த மாதிரி இடங்களில் "நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன்" என்பதுதான் கேள்வி, லைவ் வியூ அதற்கு உடனே பதில் சொல்லும். நடைவழி போட்டுத் தொடங்கியபின் கேமராக் குறியைத் தொட்டு, போனை எதிர்ப்பக்கக் கட்டடங்களை நோக்கிப் பிடியுங்கள். தரையையோ மரத்தையோ கூட்டத்தையோ காட்டாதீர்கள். உங்கள் கேமரா பார்ப்பதைத் தன்னிடம் இருக்கிற தெருப் புகைப்படங்களோடு ஒப்பிட்டுத்தான் அது இடத்தைக் கண்டுபிடிக்கிறது, அதனால் புகைப்படம் எடுக்கப்படாத சந்தில் அதற்குக் கண் தெரியாது, இருட்டிலும் கொட்டுகிற மழையிலும் அப்படியே. அம்பு தெரிந்ததும் போனை இறக்கிவிட்டு நடங்கள். கேமரா வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே நடப்பது மும்பை நடைபாதையில் ஆபத்து, பைக் ஓட்டுகிறவர் வேறு அதே நடைபாதையில் வருவார். நிற்கும்போது சுவரோரமாக, ரோட்டுக்கு முதுகைக் காட்டாமல் நில்லுங்கள்.

ஃபோர்ட் பகுதியில் ஒரு வேடிக்கையான வேறுபாடு உண்டு. பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரம் 1878இல் முடிந்தது, 85 மீட்டர் உயரம். அது மாதிரி ஒரு அடையாளம் கண்ணில் பட்டால் எந்த 3டி காட்சியும் உடனே பொருந்திவிடும். ஆனால் ஹார்னிமன் சர்க்கிளுக்கு வந்தால், வட்டத்தைச் சுற்றி ஒரே மாதிரி முகப்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தூண் வரிசை. அங்கே புகைப்படம் கைவிட்டுவிடும், தட்டையான மேப்பில் வட்டத்திலிருந்து எத்தனையாவது தெரு என்று எண்ணுவதுதான் சரி. எதிரில் இருப்பது தனித்துத் தெரிந்தால் 3டி, எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் 2டி. மும்பை முழுக்க இந்த ஒரு விதியை வைத்தே பழகலாம்.

சந்துக்குள்

திறந்த வெளியில் நல்ல போனே சுமார் 5 மீட்டர் ஆரத்துக்குள்தான் இடத்தைச் சொல்லும். தாராவியின் உள்சந்துகளில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும், மேலே மாடிகள் நெருங்கி வந்து வானமே கோடாகத் தெரியும். அங்கே புள்ளி மூன்று சந்து தள்ளிக்கூட நிற்கும், 3டி காட்சியில் அந்தக் கட்டடங்கள் தனித்தனியாக இருக்கவும் இருக்காது.

ஆகவே மேப்பை 90 அடி ரோடு, 60 அடி ரோடு வரைக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். சந்து தொடங்குகிற முனையில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவர் தன் வீட்டு வாசலில் நின்று வாட்ஸ்அப்பில் இருப்பிடம் அனுப்பினால் இன்னும் நல்லது. முனைக்கு வந்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு வாயைத் திறங்கள். 90 அடி ரோட்டில் தமிழில் கேட்டாலே பதில் வரும். மற்ற இடங்களில் "கிதர் ஹை" போதும், கூடவே "ஈஸ்ட் யா வெஸ்ட்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மேப்பில் இருக்கிற அரசாங்கப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பல பேருக்குத் தெரியாது. மேப்பில் மகேஸ்வரி உத்யான் என்று இருந்தாலும் கிங்ஸ் சர்க்கிள் என்றுதான் கேட்க வேண்டும். எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் 2018இல் பிரபாதேவி ஆனது, பழைய பெயரைச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மூடிய பாலம், மழை, சார்ஜ்

எந்த மேப்பாக இருந்தாலும் பழசாகும், 3டி இன்னும் சீக்கிரம் பழசாகும், ஏனென்றால் திரும்ப வண்டி ஓட்டிப் படம் எடுக்க வேண்டும். சயான் ரயில் மேம்பாலத்தை 2024 ஆகஸ்ட்டில் புதிதாகக் கட்டுவதற்காக மூடினார்கள், பழைய தெருப் புகைப்படத்திலோ அதன் மேல் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். சிஎஸ்எம்டி பக்கம் இமாலயா நடைபாலம் 2019 மார்ச்சில் இடிந்து உயிர்கள் போனபின், திரும்பக் கட்டித் திறக்க 2023 மார்ச் ஆனது. பாலத்தை நம்பிப் போகிற வழியாக இருந்தால், அந்தப் பக்கம் தினமும் போகிற ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மழைக்காலத்தில் ஈரத் திரை விரலுக்குக் கீழ்ப்படியாது, ஒரு கையில் குடை வேறு, 3டியைச் சாய்ப்பதெல்லாம் நடக்காது. கிளம்பும் முன்பே 2டி மேப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பைப் பதிவிறக்கி வைத்தாலும் இணையம் இல்லாமல் நடைவழி சொல்லாது, ஆர்கானிக் மேப்ஸ் சொல்லும். இந்துமாதா, கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட், அந்தேரி சப்வே பக்கமெல்லாம் தண்ணீர் தேங்குகிற இடங்கள். மேப்பில் எல்லாம் ஒரே மட்டமாகத்தான் தெரியும், அதனால் கடல் ஏற்றம் 4.5 மீட்டருக்கு மேல் போகும் என்று மாநகராட்சி அறிவிக்கிற நாளில் கனமழையும் சேர்ந்தால் அந்த வழிகளையே தவிருங்கள். கேமரா அம்பும் 3டியும் சார்ஜை வேகமாகக் குடிக்கும், செல்போனை நம்பித் திரும்பி வர வேண்டியவர்கள் இதை மறக்க வேண்டாம்.

ஊரிலிருந்து வருகிறவருக்கு வழி அனுப்பும்போது

அம்மாவோ பெரியப்பாவோ தனியாக வருகிறார் என்றால் மேப் லிங்க்கை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். 2டி ஸ்கிரீன்ஷாட்டில் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை சிவப்புக் கோடு போட்டு ஒன்று. பாலத்திலிருந்து இறங்குகிற இடம், பெரிய ரோட்டில் திரும்புகிற இடம், வீட்டு வாசல் ஆகியவற்றுக்கு நீங்களே நின்று எடுத்த புகைப்படங்கள், அவர் நடந்து வருகிற பக்கத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தால் அவருக்கு அடையாளம் தெரியாது. முட்டிவலி உள்ளவர் என்றால் லிஃப்ட்டோ எஸ்கலேட்டரோ இருக்கிற பாலத்தைத் தேர்ந்தெடுத்து அதை வைத்து வழி போடுங்கள், கொஞ்சம் சுற்றானாலும் பரவாயில்லை. கூடவே ஒரு குரல் செய்தி: ஸ்டேஷன் பெயர், ஈஸ்ட்டா வெஸ்ட்டா, எந்தப் பாலம், இறங்கியதும் எதிரில் என்ன இருக்கும். போன் சார்ஜ் தீர்ந்துவிட்டால் யாரிடமாவது காட்ட, இதே நாலு வரியையும் உங்கள் நம்பரையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.